எப்படி ஆச்சு என்று கேட்பவர்கள்

கைப்பையின் ஜிப்பை முக்கால்வாசிதான் மூட வேண்டும், முழுக்க மூடினால் குரல் அமுங்கிவிடும் என்று மாடிப்படி இறங்கும்போதே ஷோபனாவுக்குத் தெரிந்திருந்தது, அப்படித் தெரிந்திருந்ததுதான் இப்போது உறுத்தியது, ஏதோ கை தவறிப் பட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. பையை மடியில் வைக்காமல் பாயின் ஓரத்தில், தமயந்தி அக்காவின் பக்கமாகச் சாய்த்து வைத்தாள். உள்ளே போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது: ஃபேன் சத்தம், தெருவில் போகிற தள்ளுவண்டிக்காரர், கரூர்ப் பெரியம்மாவின் விசும்பல். கேரியரை அடுக்களை மேடையில் வைத்தாயிற்று. மிளகு ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், மோர். அக்காவின் புருஷன் கருணாகரன் சார் போன நாளிலிருந்து கீழ் வீட்டுக்கு மதியச் சாப்பாடு இரண்டாம் மாடியிலிருந்துதான் இறங்குகிறது. யாரும் அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள், எதற்காக எடுத்துக்கொண்டாள் என்பதில்தான் சிக்கல். முதல் நாள் சத்தியமாகப் பிரியத்துக்காக. மறுநாளும் அப்படித்தான். அதற்கப்புறம் எந்தப் படியில் இறங்கும்போது பிரியத்தோடு இன்னொன்றும் சேர்ந்து இறங்கியது என்று அவளுக்கே தெரியாது, கையில் கேரியரும் மனசுக்குள் குறிப்பெழுதும் காகிதமுமாக வந்துபோனாள், இன்றைக்குக் காகிதம் போதாது என்று போனும் சேர்ந்துகொண்டது. போட்டோவில் கருணாகரன் சார் மாலையும் விளக்குமாக, மின்வாரிய ஆபீஸில் மனு கொடுக்க வந்தவரைப் பார்க்கிற அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா தமயந்தி அக்காவின் தோளிலிருந்து தலையை எடுத்தாள், மூக்கைச் சிந்தினாள், முந்தானையால் துடைத்தாள், வந்த வேலையை ஆரம்பிப்பது போலக் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள். "சொல்லும்மா. எப்படி ஆச்சு?"

ஷோபனா தலையைக் குனிந்தபடியே இருந்தாள், ஆனால் முதுகு தானாக நிமிர்ந்தது. இந்த ஒரு கேள்விதான். எந்த ஊர்த் துக்க வீட்டுக்குப் போனாலும் இது இருக்கும், கேட்காமல் எழுந்து போனால் மரியாதையில்லை, சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் துக்கமே இல்லை என்று பேர். அதனால் புருஷனைப் பறிகொடுத்தவள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றால் மறுபடி முதலிலிருந்து. "முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார் பெரியம்மா," என்று தமயந்தி அக்கா ஆரம்பித்தாள், ஷோபனாவின் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது, ராத்திரி ரெண்டு இட்லி, டிவியில் செய்தி, வெந்நீர் கேட்டார், எல்லாம் வரிசையாக வரும். கதையில் அசையாத பாகம் அது. அதற்குப் பிறகுதான் அசைய ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் சார் கடைசியாக ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம் ஆபீஸ்காரர் ஒருவர் வந்து, "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?" என்றார், "ஒண்ணும் சொல்லலை சார்" என்று அக்கா சொன்னதும் அந்த மனுஷன் முகம் போன போக்கு, பஸ் சார்ஜ் தண்டம் என்பது போல. மறுநாள் ஒருத்தி, "தண்ணி கேட்டிருப்பாரே?" என்றாள். "கேட்ட மாதிரிதான் இருந்தது." அதற்கடுத்த நாள் தண்ணீர் கேட்டார். அதற்கும் அடுத்த நாள் இரண்டு ஸ்பூன் கொடுத்தாயிற்று. நேற்று இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பொய்யா என்றால் பொய் இல்லை, அதைத்தான் ஆராய்ச்சிக் கமிட்டிக்குப் புரியவைக்க வேண்டும், ஒருத்தி தனியாகக் கட்டுகிற கதை இல்லை இது, கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒரு செங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், மனசு கலங்கிக் கிடப்பவள் வாங்கி அடுக்குகிறாள். அப்பா போனபோது அவளும் அடுக்கினவள்தானே. 'முகம் சிரிச்சாப்லயே இருக்கே' என்று எந்த அத்தையோ சொன்னாள், மூன்றாம் நாள் ஷோபனா வந்தவர்களிடம் எல்லாம் 'சிரிச்சுக்கிட்டே போனார்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள், இன்றைக்கு அப்பாவை நினைத்தால் அந்தச் சிரிப்புதான் வருகிறது, நிஜ முகம் எங்கே போயிற்றோ, தேடினாலும் கிடைக்காது. புருஷன் முரளிக்கும் அப்படி ஒரு நாள் வரும். மாத்திரை போட மறக்கிற ஆள், குறட்டை நடுவில் நின்று திரும்ப ஆரம்பிக்கிற ஆள், நிற்கிற அந்த இடைவெளியில் அவள் எத்தனையோ தடவை கண்ணைத் திறந்திருக்கிறாள். அன்றைக்கு இதே பாயில் அவள் உட்கார்ந்திருப்பாள், முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், எவளாவது ஒருத்தி பையைச் சாய்த்து வைத்திருப்பாள். சீ.

இந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்தது பதினெட்டு வயசில் படிப்பை நிறுத்தின கோபம் இல்லை, அவள் எம்.ஏ. முடித்தவள், கோபம் அதற்கப்புறம் நடந்ததன் மேல், கல்யாணம், மாமியார், டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸ். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன மாதமே கல்லூரியில் பகுதிநேர ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாள். "கல்யாண வீட்டுக்குப் போனா சாப்பாடாவது கிடைக்கும், நீ எழவு வீட்டுல டாக்டர் பட்டம் வாங்கப் போறியாக்கும்," என்று முரளி சிரித்தான். "உங்க அம்மா என்னை வறுத்தெடுத்ததுக்கே ஒரு பட்டம் குடுத்திருக்கணும், இது ரெண்டாவது," என்றாள் அவள். வழிகாட்டி இன்பராஜ் அவளைவிடப் பதினைந்து வயசு சின்னவர், மேடம் மேடம் என்பார், ஆனால் புரபோசலைப் புரட்டும்போது விரல் மட்டும் வாத்தியார் விரல். "ஐடியா பிரமாதம் மேடம். ஆனா ஒரு சாம்பிள்கூட இல்லாம கமிட்டி முன்னாடி வச்சா கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. ஒரே ஒரு அம்மா முழுசாச் சொன்னது, ரெக்கார்டிங்கோட, இருந்தாப் போதும்." இன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும், விட்டால் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டு என்று நம்புகிற வயசு அவளுக்குத் தாண்டிவிட்டது. எல்லாம் எழுதியாயிற்று, நோக்கம், முறை, முன் ஆய்வுகள், மேற்கோள் பட்டியல் வரைக்கும். ஒரே ஒரு தலைப்பு பாக்கி. ஆய்வு அறம். பங்கேற்பாளரின் ஒப்புதல் எவ்வாறு பெறப்படும், பங்கேற்பாளருக்கு உண்டாகக்கூடிய பாதிப்புகள் யாவை. "பாதிப்பு இல்லைன்னு போட்டுடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம், பேரை மாத்திடுங்க, யாருக்குத் தெரியப் போகுது." நேற்று ராத்திரி 'இல்லை' என்று தட்டினாள், அழித்தாள், தட்டினாள். சின்ன வயசில் படித்த கான்வென்டில் பென்சில் கீழே விழுந்தால்கூடக் கையைத் தூக்கி, மே ஐ சிஸ்டர் என்று கேட்டுத்தான் குனிய வேண்டும், சிஸ்டர் பெலிசிட்டாஸ் தலையசைக்கும் வரை பென்சில் தரையிலேயே கிடக்கும். அங்கே பழகின கை அப்புறம் இறங்கவே இல்லை. மாமியாரைக் கேட்டுக்கொண்டு சினிமா, முரளியைக் கேட்டுக்கொண்டு பிறந்த வீடு, மகளைக் கேட்டுக்கொண்டு அவள் அறையைப் பெருக்குவது. ஆயுசு முழுக்க அனுமதி கேட்டே தேய்ந்தவள், கேட்டே ஆக வேண்டிய ஒரே ஒரு இடத்தில் கேட்காமல் பையைத் திறந்து வைத்திருக்கிறாள்.

"காலையில பாத்ரூம் வாசல்ல நின்னு ஷேவிங் பண்ணிட்டிருந்தார்," என்றாள் தமயந்தி அக்கா, "தமான்னு என்னைக் கூப்பிட்டு ஒரு சத்தம். ஓடினேன் பெரியம்மா. போட்டது போட்டபடி ஓடினேன்." ஹாலின் கோடியில் சாரின் தங்கை வனஜா துவைத்த துணியை வாளியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், அந்த வார்த்தைக்கு மட்டும் கை நின்றது, பிறகு மறுபடி ஓடியது. ஷோபனா அந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தாள், அந்த இடம்தான் ஆராய்ச்சியின் உயிர், அந்த இடத்தில் முதல் நாள் பால் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் உடல் வரவில்லை, இதே வீட்டு அடுக்களையில் அவளும் அக்காவும் மட்டும், அக்கா அழவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, "இருங்க பால் பொங்குதுன்னு சொன்னேன் ஷோபனா, அடுப்பை அணைச்சிட்டுப் போனேன், போனா கீழே கிடக்கார்," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் வனஜா, பத்துப் பேர் நடுவில், "பால் போனாப் போகுதுன்னு ஓடியிருக்க வேண்டாமா அண்ணி?" என்று கேட்டாள். கேட்கிற தொனியில் வெறும் துக்கம்தான், ஆனால் அதோடு பால் காணாமல் போயிற்று, யாரும் எடுக்கவில்லை, அக்காவே எடுத்து எங்கோ ஒளித்துவிட்டாள், அன்றிலிருந்து ஓடினேன், ஓடினேன், ஓடினேன். கேட்டவரின் ஒரு கேள்வி கதையிலிருந்து ஒரு பொருளையே எடுத்துவிட்டது என்று ஷோபனா ராத்திரி எழுதினாள், எழுதினபோது மனசில் இருந்தது பாவம் இல்லை, சந்தோஷம், அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும், இப்படி ஒரு சந்தோஷம் மகள் பிறந்தபோதுகூட வந்ததா என்று சந்தேகம். அதுகூடப் பரவாயில்லை. பரவாயில்லாதது வேறு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் முரளியிடம் சொல்லியிருந்தார், விழும்போதே முடிந்துவிட்டது, பக்கத்திலேயே யார் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. முரளி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னான், "நீ அக்காகிட்டச் சொல்லிடு ஷோபி, பொம்பளைங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்." சொல்கிறேன் என்றாள். மறுநாள் வீட்டில் கூட்டம். அதற்கடுத்த நாள் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் கூட்டமும் இல்லை, தூக்கமும் இல்லை, சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, அங்கே நின்றது. சொன்னால் அக்கா நாளைக்கு வேறு மாதிரி சொல்லுவாள். சொன்னால் பால் திரும்பி வந்துவிடும். வெளியாள் கை படாமல் கதை எப்படி மாறுகிறது என்பதல்லவா ஆராய்ச்சி. இந்த மூன்று வரியை அவள் ஒருநாளும் இத்தனை தெளிவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டதில்லை, இப்போது சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு பாயில் உட்கார முடியவில்லை. "உன் மடியிலயா போனான்?" என்று பெரியம்மா கேட்டாள். தமயந்தி அக்கா ஒரு கணம் யோசித்தாள். "ஆமா பெரியம்மா," என்றாள், "மடியிலதான்." ஐயோ. வேண்டாம். ஒரு சிமென்டுத் தரையில் தனியாகக் கிடந்த மனுஷனை இப்படி இழுத்து இழுத்து மடி வரைக்கும் கொண்டுவந்தாயிற்று, இனிமேல் அந்த மடி அவளுடையதாகிவிடும், அவள் ராத்திரியில் அதன் கனத்தோடு தூங்குவாள், அப்பாவின் சிரிப்பு போல, ஆனால் அடியில் பால் பொங்கிக்கொண்டேதான் இருக்கும், ஒளித்து வைத்த பால் அடங்காது. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் பேர் ஆய்வாளர். பாதிப்பு: இல்லை. போதும், எந்திரி ஷோபனா என்று அவளே அவளை அதட்டினாள், சிஸ்டரின் குரலில் இல்லை, சொந்தக் குரலில்.

கரூர்ப் பெரியம்மா சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள், வனஜா வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். ஹாலில் இருவர் மட்டும். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தால் ஆரம்பிக்க மாட்டோம் என்று தெரிந்து ஷோபனா பையிலிருந்து போனை எடுத்துப் பாயின் நடுவில் வைத்தாள், ஓடிக்கொண்டிருந்த எண்கள் தெரியும்படி. "அக்கா, இப்ப நீங்க பேசினது அத்தனையும் இதுல இருக்கு. உங்களைக் கேக்காம வச்சேன்." தமயந்தி அக்கா போனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "எதுக்கு?" "நான் படிக்கறேன்னு சொன்னேனே, அதுக்கு. துக்க வீட்டுல பேசறதைப் பத்தி." "இவர் செத்தது உனக்குப் பாடமா?" குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. வாயாடி என்று பேர் வாங்கின ஷோபனாவின் வாய் காய்ந்து கிடந்தது. பட்டனைத் தொட்டு நிறுத்தினாள். "அழிச்சிடறேன்." "இரு. போடு, கேக்கறேன்." போட்டாள். முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார் பெரியம்மா என்று போனுக்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னாள், ஃபேன் காற்றுக்குள்ளிருந்து, பாத்ரூம் வாசல், தமா, ஓடினேன், மடி. தமயந்தி அக்கா யாரோ மூன்றாம் மனுஷி வீட்டுத் துக்கத்தைக் கேட்பது போலத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டாள், ஒரு இடத்தில் உச்சுக்கொட்டக்கூடச் செய்தாள். முடிந்ததும், "நல்லாத்தான் சொல்றேன், இல்லே?" என்றாள். பிறகு, "உனக்குத் தெரியும்ல, ஓடலைன்னு." "தெரியும்." "தெரிஞ்சுக்கிட்டே தினம் சோறு கொண்டாந்து வச்சிட்டு, பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தே. ஒரு நாள்கூட என்னக்கா மாத்திச் சொல்றீங்கன்னு கேக்கலை. நான் என்னடான்னா, ஷோபனா என் மானத்தைக் காப்பாத்தறான்னு நினைச்சேன்." அடித்திருந்தால்கூட இப்படி இறங்கியிருக்காது. இப்போது நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும், பாதி சொன்னது சொல்லாததைவிடக் கேவலம் என்று ஷோபனா மேலே போனாள், டாக்டர் சொன்னதை டாக்டர் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல், மெழுகாமல் சொன்னாள். விழும்போதே முடிஞ்சிடுச்சாம். பக்கத்துல நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். தமயந்தி அக்காவின் கை பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "எப்போ சொன்னார்?" "அன்னிக்கே. முரளிகிட்ட." "உனக்கு?" "எனக்கும் அன்னிக்கே தெரியும்." "ஏன்டி சொல்லலை?" அக்கா அவளை ஒருநாளும் 'டி' போட்டதில்லை. "சொன்னா நீங்க சொல்றது மாறிடும்னு." சொல்லும்போதே அது எத்தனை சின்ன வாக்கியம் என்று ஷோபனாவுக்குக் கேட்டது, இதை வைத்துக்கொண்டா இத்தனை பக்கம் எழுதினேன். "அழி," என்றாள் தமயந்தி அக்கா. அழித்தாள். அவள் கண்ணெதிரே, நிச்சயமாகவா என்று போன் திருப்பிக் கேட்டதற்கும் ஆமாம் என்று அழுத்தி. "நீ எழுதி வச்சது?" "அதையும் கிழிச்சிடறேன்." "அதைப் பத்தி அப்புறம் சொல்றேன். முதல்ல நான் யோசிக்கணும்." யோசியுங்கள் அக்கா, ஆயுசுக்கும் யோசியுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம். ஒன்றுமட்டும் மனசில் ஆணியடித்தது போல நின்றது: புரபோசல் இன்றைக்குப் போகும். சாம்பிள் இல்லாமல் போகும். அறம் என்ற தலைப்புக்குக் கீழே, பாதிப்பு உண்டு, முதல் பாதிப்பு ஆய்வாளரின் மௌனம், இந்த ஆய்வில் ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, பங்கேற்பாளருக்கு ஆறுதல் தரக்கூடிய எதையும் தெரிந்துகொண்டே மறைக்கக் கூடாது, கதை கெட்டாலும் சரி என்று எழுதுவாள். தோரணம் கட்டட்டும். கட்டினால் அந்தத் தோரணத்துக்குக் கீழே நின்று அடுத்த வருஷமும் அதையே நீட்டுவாள், இன்பராஜுக்கு மேடம் என்று கூப்பிட வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும்.

வாசலில் ஆட்டோ. சாரின் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரும் அவர் மனைவியும், பின்னாலேயே காலி வாளியோடு வனஜா. அந்த அம்மாள் தமயந்தி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், நண்பர் போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஷோபனா போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை முழுக்க இழுத்து மூடி, பையைத் தனக்குப் பின்னால் தள்ளினாள். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கால் சொன்னது, இன்னொன்று கேட்கவில்லை. அந்த அம்மாள் மூக்கைத் துடைத்தாள். "எப்படிம்மா ஆச்சு?" தமயந்தி அக்கா உடனே ஆரம்பிக்கவில்லை. போட்டோவைப் பார்த்தாள், அடுக்களைப் பக்கம் பார்த்தாள். "முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்," என்றாள், குரலில் வழக்கமான சாய்வு இல்லை, தட்டுத்தடுமாறிப் போயிற்று, இட்லி விட்டுப்போயிற்று, டிவி விட்டுப்போயிற்று. "காலையில கூப்பிட்டார். நான் அடுப்புகிட்ட இருந்தேன். பால் பொங்கற நேரம். இருங்கன்னு சொன்னேன்." வனஜா வாளியைக் கீழே வைத்தாள், சத்தம் கொஞ்சம் பலமாகவே. "இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்? அதான் அன்னிக்கே நான்..." ஷோபனாவுக்கு இனி யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. "பொங்கற பாலை அணைக்காம எந்தப் பொம்பளை போவா? நீங்க போவீங்களா வனஜா? காஸைத் திறந்து போட்டுட்டு? சும்மா வாய் இருக்குன்னு கேட்டுட்டா ஆச்சா? டாக்டர் என்ன சொன்னார்னு தெரியுமா உங்களுக்கு?" வனஜாவின் முகம் சிவந்தது, நண்பர் நாற்காலியில் நெளிந்தார், ஷோபனாவுக்கு வாய் ஈரமாகி இன்னும் நாலு வார்த்தை வரிசையில் நின்றது, இருபத்தைந்து வருஷத்து வார்த்தை. "ஷோபனா," என்றாள் தமயந்தி அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "நீ சும்மா இரு. உனக்கும் தெரியாது. நான் சொல்லிக்கறேன்." ஷோபனா வாயை மூடினாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், நியாயமாகக் கிடைத்த அடி, அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. தமயந்தி அக்கா அந்த அம்மாளின் கையை விட்டுவிட்டாள், தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள், அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. "அணைச்சேன்," என்றாள். "அணைச்சிட்டு உடனே போகலை. பாத்திரத்தை எறக்கி வச்சேன். ஆடை படியக் கூடாதுன்னு ஒரு கரண்டி எடுத்துக் கிண்டினேன். அவருக்கு ஆடை கட்டினாப் பிடிக்காது. அதுக்கப்புறம்தான் போனேன்." அந்த அம்மாள் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள், வரவில்லை, மூடிக்கொண்டாள். வனஜா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணனுக்குச் சின்ன வயசுலேருந்தே பிடிக்காது," என்றாள். "வாந்தி எடுத்துடும்." "ஆமா," என்றாள் தமயந்தி அக்கா, "கல்யாணமான புதுசுல ஒரு நாள் தெரியாமக் குடுத்துட்டேன்," என்று வேறெங்கோ போனாள், அவர் இன்னும் விழாத இடத்துக்கு, யாரும் அவளைத் திருப்பிக் கூப்பிடவில்லை.